ஒருவருக்கு ஈடாக அறுவர்: லின்ட்ரோஸ் பரிமாற்றத்தில் லாபம் யாருக்கு?

கால்பந்தில் நட்சத்திர வீரர் ஒருவர் கிளப் மாறினால், எத்தனை மில்லியன் என்றுதான் முதலில் கேட்போம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்.) கேள்வி வேறு. அந்த ஐஸ் ஹாக்கி லீக்கில் பெரும்பாலும் வீரருக்கு வீரரே விலை. அதனால், எந்தக் குழுவுக்கு லாபம் என்ற விவாதம் சில நேரங்களில் பல ஆண்டுகள் நீடிக்கும். இன்றும் பேசப்படும் ஒரு பரிமாற்றம் 1992இல் நடந்தது.

என்.எச்.எல். குழுக்கள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. பின்தங்கிய குழுவுக்கு முன்னுரிமை உண்டு. தொடர்ந்து மூன்று பருவங்கள் கடைசி இடத்தில் இருந்த கனடாவின் குவிபெக் நோர்டிக்ஸ், 1991இல் முதல் ஆளாக எரிக் லின்ட்ரோஸைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அவர் குவிபெக்கிற்கு விளையாட மறுத்துவிட்டார்.

ஓராண்டுக்குப் பின் குவிபெக் அவரை விட்டுக்கொடுக்க முன்வந்தது. பிலடெல்பியா ஃபிளையர்ஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸ் இரண்டுமே ஒப்பந்தம் தங்களுடையது என்றன. நடுவர் விசாரணை, 1992 ஜூன் 30ஆம் தேதி பிலடெல்பியாவுக்குச் சாதகமாக முடிந்தது. லின்ட்ரோஸுக்கு ஈடாக குவிபெக் பெற்றது: பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உட்பட ஆறு வீரர்கள், முதல் சுற்றில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு உரிமைகள், 15 மில்லியன் டாலர்.

பிலடெல்பியாவின் கணக்கு

பிலடெல்பியா ஏமாந்தது என்று சொல்வது சரியல்ல. லின்ட்ரோஸ் 1995இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். 1997இல் குழுவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றார். பிலடெல்பியாவுக்காக 486 ஆட்டங்களில் 659 புள்ளிகள் எடுத்தார். கோல் அடித்தாலும், கோலுக்கு உதவினாலும் ஒரு புள்ளி.

ஆனால் ஸ்டான்லி கிண்ணம் கிடைக்கவில்லை. தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டு மூளை அதிர்வுக்கு உள்ளானார். 2000ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் அக்குழுவுக்காக அவர் ஆடவே இல்லை. ஒரே ஆளை நம்பிப் பல பேரைக் கொடுக்கும்போது உள்ள ஆபத்து இதுதான்.

குவிபெக்கின் கணக்கு

குவிபெக் ஒரே பருவத்தில் 52 புள்ளிகளிலிருந்து 104 புள்ளிகளுக்கு உயர்ந்தது. ஃபோர்ஸ்பெர்க் பின்னர் லீக்கின் மிகச் சிறந்த வீரர்களுள் ஒருவரானார். கிடைத்த தேர்வு உரிமைகளில் ஒன்றைக் கொண்டு எடுக்கப்பட்ட கோல் காவலர் ஜோஸ்லின் திபோ, 1995 டிசம்பரில் மொன்ட்ரியலுக்குக் கைமாறினார். அந்தப் பரிமாற்றத்தில்தான் புகழ்பெற்ற கோல் காவலர் பேட்ரிக் ருவா வந்து சேர்ந்தார். 1996இல் குழு கிண்ணத்தை வென்றது. 2001இல் மீண்டும் வென்றது.

ஆனால் அந்தக் கிண்ணங்கள் குவிபெக் நகருக்கு வரவில்லை. சிறிய சந்தை, பழைய அரங்கம், மதிப்பிழந்த கனடிய டாலர் ஆகியவற்றால் திணறிய குழு 1995இல் விற்கப்பட்டு, அமெரிக்காவின் டென்வர் நகருக்குப் போய் கொலராடோ அவலான்ச் ஆனது. குழு குவிபெக்கிலேயே இருந்திருந்தால், பரம எதிரியான மொன்ட்ரியல் அதற்கு ருவாவைக் கொடுத்திருக்குமா என்பதும் சந்தேகமே.

ஆகவே, குழுக்களை மட்டும் ஒப்பிட்டால் நோர்டிக்ஸ், அதாவது பின்னாளைய அவலான்ச், தெளிவாக வென்றது. ரசிகர்களின் கணக்கு வேறு. பிலடெல்பியா ரசிகர்களுக்குக் கிண்ணம் இல்லாவிட்டாலும் லின்ட்ரோஸின் ஆட்டம் கிடைத்தது. டென்வர்காரர்கள் எதையும் கொடுக்காமலே கிண்ணம் பெற்றார்கள். தோல்விக் காலம் முழுவதும் டிக்கெட் வாங்கி வந்த குவிபெக் மக்களுக்கு மிஞ்சியது இரண்டு நல்ல பருவங்கள்தான். அங்கு 2015இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. என்.எச்.எல். குழு இன்னும் திரும்பவில்லை.