நீலநாக்கு: பழி புல்லுக்கா, பூச்சிக்கா?

ஏற்காட்டின் ஒண்டிக்கடையிலிருந்து மலையிறங்கினால் விரியும் சேலம் சமவெளி, மேச்சேரி இனச் செம்மறி ஆடுகளின் சொந்த மண். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே ஆடுகளுக்கு நீலநாக்கு நோய் பரவுவதால், பழியை ஈரப்புல்லின் மேல் போடத் தோன்றும். ஆனால் வைரஸைச் சுமப்பது கியூலிகாய்டஸ் என்னும் கடிக்கும் சிறுபூச்சி. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஈரச் சாணத்திலும் சேற்றிலும் அது பெருக மழை வழிவிடுகிறது, அவ்வளவே. பக்கத்து மாடுகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான்: மாடு பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே வைரஸை ரத்தத்தில் வாரக்கணக்கில் வைத்திருக்கும். எனவே பூச்சி கடிக்கும் நேரமான அந்தி முதல் விடியல் வரை ஆடுகளை மாட்டுக்கொட்டகை, சாணக்குவியல் அருகே கட்டாதீர்கள். சாதாரணக் கொசுவலைக்குள் இந்தப் பூச்சி நுழைந்துவிடும். இந்தியாவில் வைரஸின் 5 வகைகளுக்கு எதிரான தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்பே போட்டால்தான் பலன்.