எல்சினோர்க் கோட்டை: வரலாறும் புனைவும்

செகப்பிரியரின் ஹாம்லெட் நாடகத்தைக் கற்றார் எல்சினோர் என்னும் பெயரை மறவார். அஃது டென்மார்க்கு நாட்டு ஹெல்சிங்கோர் நகரின் ஆங்கில வடிவம். அந்நகரில் குரோன்போர்க் என்னும் கோட்டை இன்றும் கடலோரத்தே நிற்கின்றது. இடம் மெய்யாதலின், இறந்த மன்னனின் ஆவி உலவிய கதையும் அங்கு நிகழ்ந்ததெனக் கொள்ளலாமோ என ஆராய்வாம்.

அங்குள்ள குறுகிய நீரிணையைக் கடக்கும் கப்பல்களிடம் சுங்கம் கொள்ளும் பொருட்டு, எரிக் மன்னன் 1420-களில் ஓர் அரண் எடுத்தான். அச்சுங்கச் செல்வத்தைக் கொண்டே இரண்டாம் பிரடெரிக் 1574 முதல் 1585 வரை அதனைப் பேரரண்மனையாகப் புதுக்கினான். 1629-இல் அது தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. சுங்கம் 1857-இல் ஒழிந்தது.

கதையோ கோட்டையினும் மூத்தது. 1200-ஐ ஒட்டிச் சாக்சோ என்பார் இலத்தீனில் எழுதிய டேனியர் வரலாற்றில் ஆம்லெத் என்னும் இளவரசன் கதை உளது. அதன் களம் யூட்லாந்து, எல்சினோர் அன்று. 1586-இல் ஆங்கில நடிகர் சிலர் எல்சினோர் சென்று நடித்தனர். அவருள் சிலர் பின்னர்ச் செகப்பிரியரின் குழுவிற் சேர்ந்தனர். புதுக்கிய கோட்டையின் புகழ் அவர் வாயிலாகப் புலவரை எட்டியிருத்தல் கூடும் என யாம் கருதுகின்றோம்.

ஆகலின், இலக்கியத்தில் வரும் மெய்யான இடப்பெயர் கதை நிகழ்ந்தமைக்குச் சான்றாகாது; நூல் எழுந்த காலத்தார் அறிந்திருந்த உலகிற்கே சான்றாகும். இவ்வேறுபாட்டை ஆய்வாளர் போற்றுதல் வேண்டும்.