நெஞ்சு "படபட" என்று அடிக்கிறதா? மாரடைப்பா, மனக் கவலையா?

மாதக் கடைசி. கணக்கு முடிக்க வேண்டும். மானேஜர் அறைக் கதவைத் திறந்து, "கொஞ்சம் உள்ளே வாங்க" என்கிறார்.

அவ்வளவுதான்! குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. நாக்கு வறண்டு போகிறது. அடிவயிறு கலங்குகிறது.

மானேஜர் அடித்தாரா? இல்லை. திட்டினாரா? அதுவும் இல்லை. கூப்பிட்டார், அவ்வளவே. அதற்குள் உடம்பு ஒரு சண்டைக்குத் தயாராகி விட்டது!

டாக்டருக்குப் படிக்காமலேயே நம் ஜனங்கள் இதற்கெல்லாம் பேர் வைத்திருக்கிறார்கள். "வயித்துல புளியைக் கரைக்குது", "ஈரக்குலை நடுங்குது", "கை கால் உதறுது", "தொண்டையை அடைக்குது". இவை வெறும் பேச்சு அல்ல. உடம்புக்குள் நிஜமாகவே நடக்கிற காரியங்கள்.

புலி இல்லை, ஓட்டம் உண்டு

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த வால்டர் கேனன் என்ற விஞ்ஞானி, 1915-ல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார். பயமோ கோபமோ வந்தால், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, "அட்ரினலின்" என்ற சுரப்பு நீரை ரத்தத்தில் கலக்கிறது. மோது, இல்லாவிட்டால் ஓடு! இதுதான் உத்தரவு.

மோதவும் ஓடவும் கை காலுக்கு ரத்தம் வேண்டும். அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது. சாப்பாடு ஜீரணிக்க இப்போது என்ன அவசரம்? எச்சில் வற்றுகிறது. இரைப்பை மந்தமாகிறது. பெருங்குடலோ இதற்கு நேர்மாறு, வேகம் எடுக்கிறது. ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து மூன்று தடவை கக்கூசுக்கு ஓடுகிறவர்கள் உண்டே, ரகசியம் இதுதான்.

காட்டில் புலி துரத்தினால் பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்து விடும். நாம் தப்புவோம், அல்லது புலி சாப்பிட்டு விடும். ஜி.எஸ்.டி. கணக்கு அப்படியா? இந்த மாதம் 20-ந் தேதி போனால், அடுத்த மாதம் 20-ந் தேதி வந்து நிற்கிறது!

துரத்தல் ஓயாதபோது தொல்லையின் உருவம் மாறுகிறது. பிடரியும் தோளும் கல்லாக இறுகும். சாயங்காலம் ஆனால், தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல வலி. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதால் காலையில் தாடை வலி. நெஞ்செரிச்சல். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு. அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். தலைவலிக்கு ஒரு மாத்திரை, வயிற்றுக்கு ஒரு மாத்திரை என்று மருந்துக் கடையிலேயே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வலி வரும் நாளைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி மறைந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வருகிறதா? லீவு நாளில் காணாமல் போகிறதா? அப்படியானால் வலிக்கும் வேலைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது.

ரெயிலில் விரல் மரத்தால்...

பலரைக் கதி கலங்க வைப்பது இன்னொன்று. கூட்டமான மின்சார ரெயில். திடீரென்று மூச்சு போதாதது போல இருக்கிறது. "ஐயோ" என்று வேக வேகமாக மூச்சு இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால், ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி விடும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போல இருக்கும். தலை கிறுகிறுக்கும். "பக்கவாதம் வந்துடுச்சோ?" என்று பயம். பயத்தில் மூச்சு இன்னும் வேகம். மரமரப்பு இன்னும் அதிகம்!

இதைப் "பீதித் தாக்குதல்" என்கிறார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கி விடும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வது பழைய வைத்தியம். இப்போது டாக்டர்கள் அதைச் சொல்வதில்லை. வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதய நோயாகவோ இருந்தால் ஆபத்தாகி விடும். மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட்டால் போதும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று கணக்கு வையுங்கள்.

சோடாவை நம்பாதீர்கள்!

இங்கேதான் உயிர் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் இரண்டு வகை ஆட்கள். ஒருவர், படபடப்பு வந்தால் போதும், மாதம் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கிறார். இன்னொருவர், நிஜ மாரடைப்பையே "வாயு" என்று சொல்லி இஞ்சி சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். முதல் ஆளுக்குப் பணம்தான் நஷ்டம்.

நடுநெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல அழுத்தம், அது இடது கை, தாடை, முதுகு என்று பரவுவது, குப்பென்று வேர்ப்பது, மூச்சு வாங்குவது... இவை வந்தால் டென்ஷனா, வாயுவா என்று யோசிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய வலி இல்லாமலேயே, வெறும் களைப்பும் குமட்டலுமாக மாரடைப்பு வரலாம்.

முதல் தடவை நெஞ்சு வலி வந்தவர், "இது மனக் கவலை" என்று தானே முடிவு கட்டக்கூடாது. அதை டாக்டர் சொல்லட்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, கை நடுக்கம் வரும். ரத்த சோகையிலும் வரும். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலும் வரும். ஆறாவது டம்ளர் காபியிலும் வரும்! ஆகவே டாக்டரிடம் போகும்போது காபி, சிகரெட், போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ராத்திரி தூக்கம் வர "குவார்ட்டர்" போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்கம் வரும். நடுச்சாமத்தில் கலைந்தும் விடும். மறுநாள் படபடப்பு இன்னும் கூடும்.

யாருக்கு அதிகம்?

பெரிய அதிகாரிகளுக்குத்தான் டென்ஷன் என்று பேச்சு. லண்டனில் 1967-ல் அரசாங்க ஊழியர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். முடிவு என்ன தெரியுமா? மேலதிகாரிகளை விடக் கடைநிலை ஊழியர்கள்தான் இதய நோயால் அதிகமாக இறந்தார்கள்! தன் வேலையைத் தன் இஷ்டப்படி செய்ய முடியாத நிலை ஒரு முக்கிய காரணம் என்று பிறகு நடந்த ஆராய்ச்சி காட்டியது. எங்கள் வாசகர்களில் பலருக்கு இது செய்தியே அல்ல.

நேரமும் ஒரு காரணம். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களை விடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் அறிவித்தன. காலை 9 மணிக்கு ஷட்டரைத் தூக்கி ராத்திரி 10 மணிக்கு இறக்கும் கடைக்காரர், தன் வாரக் கணக்கைக் கூட்டிப் பார்க்கட்டும்.

கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால், அதில் ஆள் உட்காருகிறாரா, துணி மூட்டை உட்காருகிறதா?

சோதனை எல்லாம் முடிந்து, "இதயத்தில் கோளாறு இல்லை" என்று டாக்டர் சொன்ன பிறகும் படபடப்பு வாரக்கணக்கில் நீடித்தால், மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். அதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால், 2022-ல் தொடங்கப்பட்ட "டெலி மானஸ்" என்ற அரசு உதவி எண் இருக்கிறது: 14416. இரவு, பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.