அனைவரும் 'அவன்' ஆனது ஏன்?

உலகமே புகழும் ஒரு நூல் நமக்கு ஏமாற்றம் அளித்தால் குறை யாருடையது? நூலினுடையதா, வாசகருடையதா?

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி லெப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' என்ற அறிவியல் புதினம் ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்றது. அதைப் பெரும் எதிர்பார்ப்போடு படித்தேன், ஏமாந்தேன்.

கெத்தன் என்னும் பனிக்கோளில் நடக்கும் கதை இது. அங்கு எவரும் ஆணுமல்ல, பெண்ணுமல்ல. 26 நாட்கள் கொண்ட சுழற்சியில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார்கள். ஒரு பிள்ளைக்குத் தாயானவர் இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகலாம். அரசரே கருவுறுகிறார். போரையே அறியாத உலகம் அது.

எவ்வளவு துணிச்சலான கற்பனை! ஆயினும், படிக்கும்போது நம் மனக்கண்ணில் தோன்றுவோர் எல்லாரும் ஆண்களே. காரணம் இரண்டு. ஒன்று, ஆங்கில மூலத்தில் எல்லாரும் 'ஹீ', அதாவது 'அவன்'. மற்றொன்று, முக்கிய பாத்திரமான எஸ்ட்ரவன் செய்யும் காரியங்கள். அவர் பிரதமர், நாடு கடத்தப்படுகிறார், சிறையிலிருந்து நண்பனை மீட்கிறார், பனியில் வண்டி இழுக்கிறார். ஆனால் பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் எஸ்ட்ரவனை நாம் காண்பதே இல்லை.

கதை சொல்லும் ஜென்லி பூமியிலிருந்து சென்ற ஆண். அவன் பார்வையே அப்படித்தான் என்று சமாதானம் கூறலாம். ஆனால் நூலாசிரியரே அதோடு நிற்கவில்லை. 1976-இல் எழுதிய கட்டுரையில் இரண்டாவது குறையை ஒப்புக்கொண்டார். 'ஹீ' என்று எழுதியதை மட்டும் நியாயப்படுத்தினார். பின்னர், 1980-களில், அந்த நியாயத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். புகழ்பெற்ற ஒருவர் தம் தவற்றை அச்சில் ஏற்பது சிறிய காரியமன்று. ஆகவே, வாசகரின் ஏமாற்றம் நியாயமானதே.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு கேள்வி எழுகிறது. மலாய் மொழியில் 'டியா' என்ற ஒரே சொல் இருபாலாருக்கும் பொருந்தும். தமிழில் 'அவர் வந்தார்' என்றால் ஆணா, பெண்ணா என்று தெரியாது. லெ குவினுக்குக் கிடைக்காத வசதி நமக்கு வீட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் 'தலைவர் வந்தார்' என்றதும் நம் மனத்தில் வந்து நிற்பது யார்? 'தாதி வந்தார்' என்றால் யார்?

சொல் பொதுவாக இருந்தும் பார்வை பொதுவாக இல்லையென்றால், குறையை நூலில் மட்டும் தேடுவது சரியா? சிந்தித்துப் பாருங்கள்.