இரும்பின்மேல் பிரியும் நைட்ரஜன்

வினையூக்கி வினையில் கலந்துகொள்ளாமல் வேகத்தை மட்டும் கூட்டும் என்று பள்ளியில் பலரும் மனப்பாடம் செய்திருப்போம். அது சரியில்லை. வினையூக்கி முழுமூச்சாகக் கலந்துகொள்கிறது. வேலை முடிந்ததும் பழையபடி மீள்கிறது, அவ்வளவுதான். யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியா உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதன் அணுக்கள் இரண்டிரண்டாக முப்பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. ஒரு மோல் நைட்ரஜனில் அந்தப் பிணைப்பை அறுக்கச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். அதனால்தான் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஒரே கலனில் அடைத்து வைத்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. சூடேற்றினால் வினை வேகம் பிடிக்கும். ஆனால் சூடு ஏற ஏற, உண்டான அம்மோனியாவே திரும்ப உடைந்துபோகும்.

இந்தச் சிக்கலுக்கு வழி ஜெர்மனியில் பிறந்தது. 1909-ல் வேதியியலர் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆஸ்மியத்தை வினையூக்கியாக வைத்து அம்மோனியா எடுத்துக் காட்டினார். ஆஸ்மியமோ கிடைப்பதற்கு அரிது. அதற்கு மாற்றுத் தேடி வேதியியலர் ஆல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கில் சோதனைகள் செய்தது. ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று அபாரமாக வேலை செய்தது. சுத்தமான இரும்பு அப்படிச் செய்யவில்லை. அலுமினாவும் பொட்டாசியமும் சிறிது சேர்ந்தால்தான் இரும்பு நின்று உழைக்கும் என்று கண்டார்கள். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது.

இரும்பு என்னதான் செய்கிறது? நைட்ரஜன் மூலக்கூறு அதன் பரப்பில் வந்து ஒட்டுகிறது. இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்து முப்பிணைப்பைத் தளர்த்துகின்றன. பழைய பிணைப்பு விடவிட, நைட்ரஜனுக்கும் இரும்புக்கும் இடையே புதுப் பிணைப்பு விழுகிறது. ஆகவே 945 கிலோஜூலையும் மொத்தமாகக் கொட்ட வேண்டியதில்லை. வினை நடக்கத் தாண்ட வேண்டிய கிளர்வு ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பக்கத்திலேயே ஹைட்ரஜனும் பிரிந்து கிடக்கும். நைட்ரஜன் அணுவோடு ஹைட்ரஜன் ஒவ்வொன்றாகச் சேர்கிறது; மூன்றாவது சேர்ந்ததும் அம்மோனியா பரப்பை விட்டுக் கிளம்புகிறது. அந்த இடத்தில் அடுத்த மூலக்கூறு வந்து உட்காரும். இந்தப் படிகளை நுணுக்கமாகக் காட்டியவர் கெர்ஹார்ட் எர்ட்ல். 2007-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு ஆலையைவிட இந்தப் பரப்புதான் பெரிய அதிசயம்.

ஆனால் வினையூக்கியால் அம்மோனியாவின் சமநிலை அளவைக் கூட்ட முடியாது. முன்னோக்கிய வினையைப் போலவே பின்னோக்கிய வினையையும் அது விரைவுபடுத்துகிறது. அளவைக் கூட்ட அழுத்தம் வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் கொடுக்கிறார்கள். வினைபுரியாமல் மிஞ்சும் வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறார்கள். கந்தகச் சேர்மங்கள் துளி கலந்தாலும் இரும்பின் பரப்பில் அப்பிக்கொண்டு நைட்ரஜனுக்கு இடம் தராது என்பதால், வாயுக்களை நன்றாகச் சுத்தம் செய்த பிறகே கலனுக்குள் விடுகிறார்கள்.