போனவரையும் மறக்காத கொல்கத்தா

ஒரு நாள் மாயாஜாலம், மறுநாள் மந்தம். அப்படிப்பட்ட ஆட்டக்காரர் எதிரணிக்குத் தாவினால் ரசிகர் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதுதானே? கொல்கத்தாவின் கால்பந்து ரசிகர்களைக் கேட்டால் கதை வேறு.

2019 ஆகஸ்ட் மாதம். கொல்கத்தா விமான நிலையத்தில் ஊர் தூங்கும் நேரம். வெளியே சிவப்பு-மஞ்சள் கொடிகளோடு நூற்றுக்கணக்கான பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். சினிமா நட்சத்திரத்துக்காக அல்ல, அரசியல் தலைவருக்காகவும் அல்ல. அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஈரானியருக்காக. கூட்டத்தில் இருந்த இளைஞர்கள் பலர் அவர் பந்தைத் தொட்ட காலத்தில் பிறந்திருக்கவே இல்லை.

அவர் பெயர் மஜீத் பிஷ்கர். ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்காக அவர் ஆடியது இரண்டே ஆண்டுகள். அதிலும் இரண்டாம் ஆண்டில் முதலாம் ஆண்டின் மெருகு இல்லை. 1982ல் அவர் கிளப்பை விட்டுப் போனார். போனது வேறு ஊருக்கு அல்ல. அதே மைதானத்தில் கூப்பிடு தூரத்தில் கொட்டகை போட்டிருந்த முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு. அப்படிப் போனவரைத்தான் கிளப்பின் நூற்றாண்டு விழாவுக்கு விருந்தாளியாக அழைத்து, தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள்.

கோபம் எங்கே போனது? உண்மையில் அது கோபம்தானா?

மூன்று கொட்டகை, ஒரு மைதானம்

இதைப் புரிந்துகொள்ள கொல்கத்தாவின் கணக்கு தெரிய வேண்டும். மோகன் பகான் 1889ல் பிறந்தது. 1911 ஜூலை 29ல் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயப் பட்டாளத்து அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற கிளப் அது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891ல் தொடங்கியது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீகை வென்று மற்றவர்களைத் திகைக்க வைத்தது. கடைசியாக வந்தது 1920ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால். பிரிவினையின்போது வீடும் நிலமும் விட்டு வந்த கிழக்கு வங்காளத்தவர்களுக்கு, இழந்த ஊரின் பெயரில் மிச்சமிருந்த ஒரே சொத்து அந்தக் கிளப்தான். அது ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன் குழம்பு. மோகன் பகான் ஜெயித்தால் எதிர் வீட்டில் இறால்.

வேடிக்கைபோலத் தோன்றும் இந்தப் பற்றுக்கு உயிர்ப்பலியும் உண்டு. 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 0-5 என்று ஈஸ்ட் பெங்காலிடம் தோற்றபோது, அவமானம் தாங்காமல் ஒரு ரசிகர் தற்கொலை செய்துகொண்டார். 1980 ஆகஸ்ட் 16ல் ஈடன் கார்டன்ஸில் இந்த இரு அணிகளும் மோதியபோது கேலரியில் ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மடிந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பாத 16 குடும்பங்கள். இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆட்டக்காரர் சட்டையின் நிறத்தை மாற்றுவதை வேலை மாற்றமாக மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

காலியான வீட்டுக்கு வந்த விருந்தாளி

மஜீத் வந்ததும் அந்த 1980ல்தான். அதற்குச் சற்று முன்பு ஈஸ்ட் பெங்கால் ஏறக்குறைய காலியாகியிருந்தது. சுரஜித் சென்குப்தா உட்பட முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கும்பலாக முகமதன் பக்கம் போய்விட்டார்கள். ரசிகர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த வேளையில், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த மூன்று ஈரானியர்களைக் கிளப் கூட்டி வந்தது. மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நஸ்ஸீரி, மஹ்மூத் கபாஜி. பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி.

முதல் ஆண்டில் மஜீத் காட்டியது கொல்கத்தா பார்த்திராத ஆட்டம். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் தலை நிமிர்ந்து பார்ப்பார். எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதற்கு மறுபக்கம் போவார். ஒட்டுப் போட்ட அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானோடும், ரோவர்ஸ் கோப்பையை முகமதனோடும் பகிர்ந்துகொண்டது. மைதானம் அவருக்கு ‘பாதுஷா’ என்று பட்டம் சூட்டியது.

பிறகு சரிவு. ஒரு நாள் நான்கு பேரைத் தாண்டிப் போகிறவர், அடுத்த ஆட்டத்தில் இருக்கும் இடமே தெரியாது. பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை என்றும், மைதானத்துக்கு வெளியே வாழ்க்கை தடம் புரள்கிறது என்றும் பேச்சு கிளம்பியது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு டீக்கடைச் சரக்கு என்று பிரித்தெடுப்பது கடினம். கேலரி இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சிக்கு, பத்து ஆட்டத்தில் ஒன்றில் மட்டும் ஆடுகிறவர் பாரம். இன்னொரு கட்சிக்கு, அந்த ஒரு ஆட்டத்துக்காக மற்ற ஒன்பதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

1982ல் அவர் முகமதனுக்குப் போனபோது முதல் கட்சி தொல்லை விட்டது என்று கை கழுவியிருக்க வேண்டும். விளைவும் அவர்கள் பக்கம்தான் பேசியது: மஜீத் இருந்த இரண்டு ஆண்டுகளில் கைக்கு வராத கல்கத்தா லீக் பட்டம், அவர் போன அதே ஆண்டில் ஈஸ்ட் பெங்காலுக்குக் கிடைத்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஏன் வலிக்கிறது?

சாதாரண ஆட்டக்காரர் போனால் ரசிகர் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார். என்றும் சிறப்பாக ஆடுகிறவர் போனால் கோபம் வரும். அது நேரான கோபம், காரணம் தெளிவானது. ஆடினால் ஆடுவார், இல்லாவிட்டால் இல்லை என்கிற ரகம் போகும்போதுதான் சிக்கல். அவருக்காக ரசிகர் செலவழித்தது டிக்கெட் பணம் மட்டும் அல்ல, பொறுமையையும்தான். பக்கத்து இருக்கைக்காரரிடம் அவருக்காக வாதாடியிருக்கிறார். இன்று இல்லாவிட்டால் நாளை என்று தவணை சொல்லியிருக்கிறார். போட்ட முதல் திரும்பி வரும் முன்னே கடன்காரர் வீடு மாறிவிட்டால் எப்படி இருக்கும்?

கூடவே ஒரு பயமும் உண்டு. அங்கே போய் ஒழுங்காக ஆடிவிட்டால்? அதுவும் நமக்கு எதிராக? கேலரியில் எழும் கூச்சலில் பாதி இந்தப் பயம்தான்.

இந்தப் பயத்துக்கு முன் உதாரணங்கள் உண்டு. அந்தக் காலத்தில் கொல்கத்தாவின் அணி மாறும் பருவமே ஒரு துப்பறியும் கதை. ஐ.எஃப்.ஏ. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நாள் வரை ஆட்டக்காரர்களை ஓட்டல்களிலும் நண்பர் வீடுகளிலும் ஒளித்து வைத்துக் காவல் காப்பார்கள். காலையில் ஒரு கிளப்புக்கு வாக்குக் கொடுத்தவர் மாலையில் இன்னொரு கிளப்பின் காரில் இறங்குவார். 1985ல் கிருஷானு டேயும் பிகாஷ் பாஞ்சியும் ஜோடியாக மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார்கள். மோகன் பகான் ரசிகர்கள் அஞ்சியபடியே ‘இந்திய மரடோனா’ என்று பெயர் வாங்கிய கிருஷானு தன் பொற்காலத்தை எதிர்க்கொட்டகையில் கழித்தார். பைச்சுங் பூட்டியா 1997 ஜூலை 13ல், சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர் முன்னிலையில், ஈஸ்ட் பெங்காலுக்காக மூன்று கோல் அடித்து மோகன் பகானை 4-1 என்று நொறுக்கினார். அதே பைச்சுங் பிறகு இரண்டு முறை மோகன் பகான் சட்டையை அணிந்தார். இரண்டு முறையும் ஈஸ்ட் பெங்காலுக்கே திரும்பினார்.

ஆட்டக்காரரின் தராசு

இதில் ஆட்டக்காரரின் நியாயம் பெரும்பாலும் கேலரிக்குக் கேட்பதில்லை. கால்பந்துக்காரரின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. முழங்கால் ஒரு முறை திரும்பினால் அதுவும் கிடையாது. ரசிகருக்குக் கிளப் பிறப்பிலேயே வந்தது. ஆட்டக்காரருக்கு அது பிழைப்பு. ஈஸ்ட் பெங்காலின் பெருமைக்கு அஸ்திவாரம் போட்ட 1950களின் ‘பஞ்ச பாண்டவர்’களே வெளியூர்க்காரர்கள்தான்: அகமத் கான், வெங்கடேஷ், தன்ராஜ், அப்பாராவ், சாலே. தெற்கேயிருந்து ரயிலேறிப் போன இந்த ஐவரும் பிழைப்புத் தேடித்தான் அங்கே போனார்கள். வரும்போது ஆரத்தி எடுக்கிற ஊர், போகும்போது மட்டும் துரோகி என்பது என்ன நியாயம்?

மஜீதின் விஷயத்தில் கேலரிக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. அவருடைய சொந்த ஊர் ஈரானின் தென்மேற்கு எல்லையில் உள்ள கோரம்ஷஹர். 1980 செப்டம்பரில் இராக் படையெடுத்தபோது முதலில் அடி வாங்கிய ஊர்களில் ஒன்று. சில வாரத் தெருச் சண்டைக்குப் பிறகு ஊர் இராக் வசமானது. வீடுகள் இடிந்தன, மக்கள் ஓடினார்கள். ஈரான் அதை மீட்டது 1982 மே 24ல்தான். அதாவது ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மஜீத் ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் அவருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இல்லை.

அவருடைய ஆட்டம் சரிந்ததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஊரை இழந்தவர்களின் கிளப் அது. அதன் கேலரியில் அமர்ந்து, ஏன் இன்று ஓட மாட்டேன் என்கிறார் என்று திட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்காவது, ஊர் பறிபோவது என்றால் என்ன என்று அப்பாவோ தாத்தாவோ சொல்லித் தெரிந்திருக்கும். ஆட்டம் நடக்கும் தொண்ணூறு நிமிடத்தில் யாரும் அதை யோசிப்பதில்லை என்பதுதான் கேலரியின் குணம்.

பயந்தது ஒருவருக்கு, நடந்தது இன்னொருவரால்

ரசிகர்கள் பயந்தபடி மஜீத் எதிரணியில் எழுந்து நிற்கவில்லை. முகமதனில் அவர் ஒளி மேலும் மங்கியது. சில ஆண்டுகளில் அவர் ஈரானுக்குத் திரும்பினார். கொல்கத்தாவின் பார்வையிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்தும் போனார்.

சீராக ஆடியவர் ஜம்ஷித். அவரும் முகமதனுக்குப் போனவர்தான். அந்தக் கிளப் 1983லும் 1984லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. 1985ல் ஜம்ஷித் ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பி, அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தார். பழைய கணக்கு அன்றோடு தீர்ந்தது. அவர் கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். விதி விளையாடிய விதம் பாருங்கள்: 2022 ஜனவரி 29ல், அவருடைய மகன் கியான் நஸ்ஸீரி மாற்று ஆட்டக்காரராக இறங்கி, மோகன் பகான் அணிக்காக ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். அப்பா தூக்கி நிறுத்திய கிளப்பை மகன் சாய்த்தார். கியானும் ஒரே சட்டையில் நிற்கவில்லை. 2024ல் சென்னையின் எஃப்.சி. அணிக்கு வந்தார்.

இன்று ஓட்டலில் ஒளித்து வைக்கும் வேலை இல்லை. ஒப்பந்தம், முகவர், வக்கீல் என்று எல்லாம் காகிதத்துக்கு வந்துவிட்டன. 2024ல் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது, விவகாரம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் குழு முன் வந்தது. நான்கு மாதத் தடை, 12.9 கோடி ரூபாய் இழப்பீடு என்று குழு சொன்னது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. முறைகள் மாறியிருக்கின்றன. சட்டை மாற்றியவர் முதல் முறை எதிர்க்கொட்டகையின் முன் ஓடி வரும்போது எழும் கூச்சல் மாறவில்லை.

அந்தக் கூச்சலை வெறுப்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் 2019 ஆகஸ்டில் கொல்கத்தாவில் இருந்திருக்க வேண்டும். போனவரின் மோசமான ஆட்டங்களை யாரும் பட்டியலிடவில்லை. எந்தக் கிளப்புக்குப் போனார் என்று கேட்கவும் இல்லை. பார்க்காதவர்கள்கூடப் பார்த்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த ஓர் ஆண்டின் ஆட்டத்தைத்தான் பேசினார்கள். விழாவில் அவருக்கு அவருடைய பழைய 12ம் எண் சட்டையைக் கொடுத்தார்கள். கோரம்ஷஹரிலிருந்து வந்தவர் அதை வாங்கிக்கொண்டார்.

கடன் அடைந்ததா, தள்ளுபடியானதா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.