கப்பலில் ஒரு வாரம், ஊரில் ஆறு மாதம்

பினாங்குத் துறைமுகத்தில் இப்போது வந்து நிற்பவை பெரும்பாலும் உல்லாசக் கப்பல்கள். வெயில் கண்ணாடி அணிந்தவர்கள் இறங்கி ஜார்ஜ்டவுனைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஐம்பது வருடங்களுக்கு முன்பு இதே துறைமுகத்தில் நின்ற கூட்டம் வேறு. டிரங்குப் பெட்டி, பாய்ச்சுருள், கூஜா, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி இன்னொன்று என்று பிள்ளைகள். நம் தோட்டத்துக் குடும்பங்கள் ஊருக்குப் புறப்பட்டு நின்ற கூட்டம் அது.

அந்நாளில் பலரும் ஏறிய கப்பல் ராஜுலா. 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் போய்வந்தது. தொடக்க காலத்தில் மேல்தட்டுப் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. ஐயாயிரம் பேர் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஓர் இரும்புத் திண்ணையைக் கற்பனை செய்து பாருங்கள்!

கெடா, வடக்குப் பேராக் தோட்டங்களிலிருந்து வருவோர் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறித் தீவுக்கு வரவேண்டும். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தது. கப்பலுக்கு முந்தைய நாளே வந்துவிட்டவர்கள் கடைத்தெருவில் சாமான் வாங்குவார்கள்; குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைப்பார்கள். கோடாலித் தைலம், டார்ச் லைட், கம்பளி, பெரியம்மாவுக்குச் சேலை, மச்சானுக்குக் கைக்கடிகாரம் என்று வருடக்கணக்கில் சேர்த்த வெள்ளி ஒரு பகலில் கரையும். வெறுங்கையோடு ஊரில் போய் இறங்கினால் மலாயாக்காரனுக்கு மரியாதை ஏது?

கப்பலில் ஏறியவுடன் முதல் வேலை இடம் பிடிப்பது. பாயை விரித்து நாலு மூலைக்கும் பெட்டியை வைத்துவிட்டால் அதுதான் வீடு. ராஜுலாவில் சிறுமியாகப் போய்வந்த என் அம்மா சொல்வார்: “முதல் ரெண்டு நாள் பெரியவங்க தலையே தூக்கல. வாந்தியும் மயக்கமும். நாங்க பிள்ளைங்கதான் எலுமிச்சம்பழமும் ஊறுகாயும் வாங்கிட்டுப் பாய் பாயா ஓடிக்கிட்டிருந்தோம்.” மூன்றாம் நாள் பிள்ளைகளுக்குக் கடல் சலித்துவிடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். அப்புறம் ஏணிப்படிகளில் ஏறுவதும் இறங்குவதும்தான் விளையாட்டு. கம்பி வேலி ஓரம் போய்விடுவார்களே என்று தாய்மார்களுக்குக் கண் மூடாது. தவழும் பிள்ளையின் இடுப்பில் துணியைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு படுத்தவர்கள் உண்டாம்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நடுக்கடலில் நங்கூரமிடும். படகு வந்து ஆட்களை இறக்கிக்கொண்டு போகும். அலையில் படகு மேலே வரும்போது பார்த்துக் கால் வைக்க வேண்டும். பிள்ளையைக் கைமாற்றிக் கொடுக்கும் அந்த ஒரு நொடியைப் பற்றிப் பேசும்போது பாட்டிமார்களின் குரல் இன்றும் மாறிவிடுகிறது.

திரும்பி வரும்போது வேறொரு பயம். கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டுவிட்டால் பினாங்கில் இறங்க விடமாட்டார்கள். பக்கத்திலிருக்கும் ஜெரெஜாக் தீவு முகாமில் ஒதுக்கி வைப்பார்கள். தோட்டம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க, நடுவில் கடல். இன்று படகில் உல்லாசமாகப் போய்வருகிற அதே ஜெரெஜாக்தான்.

ஆனால் நான் கேட்ட கதைகளில் பிள்ளைகளை அதிகம் பாதித்தது கப்பல் அல்ல. கப்பல் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஊரில் தங்கிய மாதங்கள்தான் நீண்டவை.

“மூணு மாசத்துல வந்துடுவோம்” என்று சொல்லிப் போவார்கள். அங்கே நாத்தனார் கல்யாணம் ஒன்று நிச்சயமாகும். கிணறு வெட்டப் பணம் கேட்பார்கள். நிலத் தகராறு ஒன்று காத்திருக்கும். திரும்பும் டிக்கெட் காசு எங்கேயோ போய்விடும். மூன்று ஆறாகும், ஆறு பத்தாகும். இடையில் பிள்ளை அங்குள்ள திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ஊர்ப் பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் இல்லை. சேர்த்தாலும் அங்கே மலாய் கிடையாது. திரும்பி வரும்போது தோட்டப் பள்ளியில் தன் வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு மேலே போயிருப்பார்கள். பின்னால் உட்கார வெட்கப்பட்டு, பள்ளிக்கே போகாமல் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவர்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் சுலபமாக நின்றுவிடுவார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே!

இதைவிடப் பெரிய அடி, காகிதத்தில் விழுந்தது. 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியபின், குடியுரிமை இல்லாதவர்கள் நினைத்தபோது போய் நினைத்தபோது திரும்ப முடியவில்லை. திரும்பி வரும் அனுமதிக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் தவறினால் கதவு மூடிவிடும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். பெற்றோர் சிவப்பு அடையாள அட்டைக்காரர்களாக இருந்து, பிள்ளை அங்கே பிறந்துவிட்டால், அது இந்நாட்டுப் பிரஜை ஆகாது. அண்ணன் 1957 மெர்டேக்காவுக்குப் பின் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்ததால் பிரஜை. தம்பி ஊரில் பிறந்ததால் அந்நியன். ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள்தான்! 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் இந்தியாவுக்கே கப்பலேறிவிட்டன. அவர்களோடு போன பிள்ளைகளுக்கு அது பயணமே அல்ல.

இன்னும் முன்னால் போனால், 1941 கடைசியில் ஊருக்குப் போயிருந்தவர்களின் கதை இருக்கிறது. டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான். தாயும் பிள்ளைகளும் அங்கே, தகப்பன் இங்கே. ஏறக்குறைய நாலு வருடம் கடிதமும் இல்லை, காசும் இல்லை. சண்டை முடிந்து திரும்பிவந்த பிள்ளைகளில், தகப்பனை அடையாளம் தெரியாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, போகாமலே இருந்திருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, அம்மா பிரட்டுக்குப் போன பிறகே கண்விழித்த பிள்ளை, ஊரில் முதன்முறையாக ஒரு பாட்டியின் மடியில் பகல் முழுக்கக் கிடந்தது. சித்தி, அத்தை, தாய்மாமன் என்று புத்தகத்தில் படித்த உறவுகளுக்கு முகம் கிடைத்தது. நெல் எப்படி விளைகிறது என்று பார்த்தது. அம்மாவுக்கு இன்றும் ஊர்க் குளத்தின் படிகள் எத்தனை என்று தெரியும்.

ராஜுலா 1973-இல் விற்கப்பட்டு, மறு வருடம் உடைக்கப்பட்டது. அதன்பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்தோடு கப்பல் பயணம் முடிந்தது. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் வந்தது. கப்பல் ஒரு வாரம் எடுத்த தூரத்தை அது நாலு மணி நேரத்தில் கடக்கிறது.

ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் பழைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளி நடக்கும்போதே குலதெய்வத்துக்கு முடியிறக்கப் போய், பத்து நாள் ஒரு மாதமாகிற பெற்றோர் இன்றும் என் வகுப்பில் உண்டு. அவர்களிடம் மூன்றே மூன்று கேட்பேன். திரும்பும் டிக்கெட்டை இங்கேயே எடுத்துவிட்டீர்களா? பிள்ளையின் தனிக் கடப்பிதழும் பிறப்புச் சான்றிதழின் நகலும் யார் பையில் இருக்கின்றன? கணக்குப் புத்தகம் பெட்டியில் இருக்கிறதா? முன்பு தாயின் பயணப் பத்திரத்திலேயே பிள்ளையின் பெயரை எழுதிவிடுவார்கள். இப்போது கைக்குழந்தைக்கும் தனிப் புத்தகம் வேண்டும்.

போன வருடம் அப்படிப் போய்வந்த ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன், கணக்கில் இரண்டு பாடம் பின்தங்கி வந்தான். ஆனால் “ஏர்” என்ற சொல் வந்தபோது வகுப்பில் எழுந்து நின்று, அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லிக் கரும்பலகையில் வரைந்து காட்டினான். மேழி எது, கொழு எது என்று அன்றைக்கு நானும் அவனிடம்தான் கேட்டுக்கொண்டேன்.